இருவரில் ஒருவன்: ஹூப் டிரீம்ஸ், அமெரிக்கன் பிராமிஸ்

அமெரிக்கத் தனியார் பள்ளிகள் வெள்ளையரல்லாத குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது மூன்று வேலைகளைச் சேர்த்தே சொல்லும்: பிள்ளைகளைச் சேர்ப்பது, சேர்ந்தவர்களுக்குத் துணைநிற்பது, அவர்களைத் தக்கவைப்பது. கொஞ்ச நாளாக இதைத் துருவிக்கொண்டிருக்கிறேன். கண்ணில் பட்டதில் முக்கால்வாசி முதல் வேலையைப் பற்றித்தான். அதுக்குக் காரணமும் புரிகிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணிவிடலாம், விளம்பரப் புத்தகத்தில் படம் போடலாம், நன்கொடையாளர்களிடம் காட்டலாம். ஒரு பிள்ளை பாதியில் போய்விட்டால் அதைக் காட்ட எந்தப் பக்கமும் இல்லை. "குடும்பம் எடுத்த முடிவு" என்று ஒரு வரியில் கோப்பு மூடப்பட்டுவிடும்.

மூடின கோப்புக்குள் எட்டிப் பார்க்க எனக்கு உதவியவை இரண்டு ஆவணப்படங்கள். ஒன்று 1994ல் வந்த 'ஹூப் டிரீம்ஸ்'. இன்னொன்று 2013ல் வந்த 'அமெரிக்கன் பிராமிஸ்'. முதலாவதைக் கூடைப்பந்துப் படம் என்றும் இரண்டாவதைப் பிள்ளை வளர்ப்புப் படம் என்றும் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே கதையாகத்தான் பட்டன. ரெண்டிலும் இரண்டு கருப்பினப் பையன்கள், ஒரு தனியார் பள்ளி, பல வருடம் விடாமல் பின்தொடரும் கேமரா. ரெண்டிலும் ஒருவன் கடைசிவரை அதே பள்ளியில் இருக்கிறான், இன்னொருவன் நடுவிலேயே போய்விடுகிறான்.

படங்களுக்குள் போகும் முன் கொஞ்சம் பின்னணி. 1954ல் பொதுப்பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, தெற்கு மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளுக்கென்றே தனியார் பள்ளிகள் முளைத்தன. இனத்தைக் காட்டித் தனியார் பள்ளிகளும் இடம் மறுக்கக் கூடாது என்ற தீர்ப்பு 1976ல்தான் வந்தது. இன்றைக்கும் அங்கே பல தனியார் பள்ளி இணையதளங்களின் அடியில் 'இனம், நிறம் பார்த்துப் பாகுபாடு காட்டுவதில்லை' என்று ஒரு அறிவிப்பு இருக்கும். நல்லெண்ணம் என்று நினைத்துவிட வேண்டாம், வரிவிலக்கு வேண்டுமென்றால் அப்படிப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்பது 1975லிருந்து வரித்துறை விதி. இதற்கிடையே வடக்கில் வேறு மாதிரி முயற்சிகளும் நடந்தன. திறமையான வெள்ளையரல்லாத பிள்ளைகளைத் தேடிப்பிடித்து நல்ல தனியார் பள்ளிகளில் சேர்த்துவிட 'எ பெட்டர் சான்ஸ்' என்ற அமைப்பு 1963ல் தொடங்கியது. நியூயார்க்கில் 'பிரெப் ஃபார் பிரெப்' 1978ல் வந்தது. இவற்றால் வாழ்க்கை மாறியவர்கள் நிறைய. ஆனால் கதவுக்குள் கொண்டுபோய் விட்ட பிறகு உள்ளே என்ன நடக்கும் என்பது வேறு கேள்வி.

இப்போது 'ஹூப் டிரீம்ஸ்'. ஸ்டீவ் ஜேம்ஸ் இயக்கியது, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும். சிகாகோவின் ஏழைப் பகுதிகளில் வளரும் ஆர்தர் ஏஜி, வில்லியம் கேட்ஸ் (மைக்ரோசாஃப்ட்காரர் இல்லை) என்ற இரண்டு பையன்கள். ஆர்தர் தெருமைதானத்தில் ஆடுவதை ஒரு ஆள் பார்க்கிறார். புறநகரில் இருந்த செயின்ட் ஜோசஃப் என்ற கத்தோலிக்கப் பள்ளிக்கு அவனைக் கூட்டிப் போகிறார். நட்சத்திர ஆட்டக்காரர் ஐசையா தாமஸ் படித்த பள்ளி அது. (2021ல் மூடப்பட்டுவிட்டது.) ஒரு கருப்பினக் குடும்பத்தைப் பள்ளி எப்படித் தேடி வருகிறது என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பையனுக்கு என்ன தேவை என்று அங்கே யாரும் கேட்கவில்லை, பையனால் பள்ளிக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் பேச்சு.

பிறகு நடப்பது கணக்கு. இருவருக்கும் கட்டணத்தில் ஒரு பகுதி உதவியாகக் கிடைக்கிறது. மீதியை வில்லியமுக்காகக் கட்ட ஒரு புரவலர் வருகிறார். ஆர்தருக்கு அப்படி யாரும் வரவில்லை. கட்டணம் ஏறுகிறது, ஆர்தரின் அப்பா அம்மாவுக்கு வேலை போகிறது, பாக்கி சேர்கிறது. இரண்டாம் ஆண்டில் வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும்போதே அவன் வெளியே. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மார்ஷல் என்ற அரசுப் பள்ளியில் சேர்கிறான். ஆர்தர் எதிர்பார்த்த அளவுக்கு ஆடியிருந்தால் அந்தப் பாக்கிக்கு ஏதாவது வழி பிறந்திருக்குமா? படம் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. வில்லியமின் கதையைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறது, அதுவே போதுமாக இருக்கிறது.

எனக்கு மறக்காத காட்சி ஆட்டம் எதுவும் இல்லை. பள்ளிப்படிப்பு முடியும் தறுவாயில் ஆர்தரின் பெற்றோர் பழைய பள்ளியின் கணக்கு அலுவலகத்துக்குப் போகிறார்கள். பாக்கியைத் தீர்க்க வழி செய்யாமல் அவன் அங்கே படித்த காலத்து மதிப்பெண் பதிவுகள் கைக்கு வராது, அவை வராமல் பட்டமளிப்பு இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மரியாதையாகத்தான் பேசுகிறார், தவணை முறையை விளக்குகிறார். குரல் உயரவே இல்லை. தேடி வந்து கூட்டிப் போன பள்ளிக்கும் இந்தக் குடும்பத்துக்கும் கடைசியில் மிஞ்சிய உறவு ஒரு கடன் கணக்கு என்பது அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது.

'பிரச்சினை பணம்தானே, உதவித்தொகையைக் கூட்டினால் தீர்ந்தது' என்று சொல்லத் தோன்றும். 'அமெரிக்கன் பிராமிஸ்' அந்த விடையை எடுத்துவிட்டு மறுபடி கேட்கிறது. இயக்குநர்கள் ஜோ பிரூஸ்டரும் மிஷேல் ஸ்டீஃபன்சனும் கணவன் மனைவி. அவர் மனநல மருத்துவர், இவர் சட்டம் படித்தவர். 1999ல் மகன் இட்ரிஸ் ஐந்து வயதில் மன்ஹாட்டனின் டால்டன் பள்ளியில் சேரும்போது படமெடுக்க ஆரம்பித்து, பள்ளிப்படிப்பு முடியும்வரை 13 வருடம் எடுத்தார்கள். கையில் சேர்ந்தது 800 மணி நேரத்துக்கும் மேல். மகனோடு சேர்ந்த அவன் நண்பன் ஷேயுன் சம்மர்ஸும் படத்தில் உண்டு. டால்டன் அப்போது பல இனப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று முனைப்பாக இருந்த பள்ளி. பெரிய இடம், இன்றைக்கு ஆண்டுக் கட்டணம் 60,000 டாலருக்கு மேல்.

தொடக்கத்தில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். பிறகு சின்னச் சின்னதாக ஏதோ நடக்கிறது. ஷேயுன் தன் ஈறுகள் கருப்பாக இருப்பது பிடிக்காமல் பிரஷால் தேய்த்துக்கொண்டதை அவன் அம்மா சொல்கிறார். இட்ரிஸை அவன் பகுதியில் கூடைப்பந்து ஆடும் பையன்கள் வெள்ளைக்காரன் மாதிரி பேசுகிறாய் என்று கிண்டல் செய்ய, அவன் இடத்துக்கு ஏற்றபடி பேச்சை மாற்றப் பழகிவிடுகிறான். நான் வெள்ளையாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று ஒரு நாள் பெற்றோரிடமே கேட்டும் விடுகிறான். ஷேயுனுக்கு வாசிப்பதில் சிரமம், டிஸ்லெக்ஸியா என்று தெரிகிறது. இட்ரிஸுக்குக் கவனக்குறைபாடு. கருப்பினச் சிறுவர்கள் தங்கள் பள்ளியில் மற்றவர்கள் அளவுக்குத் தேறுவதில்லை என்பதை டால்டன் தரப்பே படத்தில் ஒத்துக்கொள்கிறது. எட்டாம் வகுப்போடு ஷேயுன் டால்டனை விட்டு, புரூக்ளினில் கருப்பினப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பெஞ்சமின் பேனக்கர் என்ற அரசுப் பள்ளிக்குப் போகிறான்.

இந்த மாதிரிப் பள்ளிகளின் உலகத்தில் அடிக்கடி புழங்கும் ஒரு சொல் 'ஃபிட்'. பிள்ளைக்கும் பள்ளிக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம்ம ஊர் ஜாதகப் பொருத்தத்தில்கூட இரண்டு ஜாதகத்தையும் விரித்து வைப்பார்கள். இங்கே விரித்து வைப்பது பிள்ளையுடையதை மட்டும்தான். பொருந்தவில்லை என்றால் பள்ளி எந்த இடத்தில் மாற வேண்டும் என்ற பேச்சு வராது.

இனி என் குறை. 'அமெரிக்கன் பிராமிஸ்' பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் பலர் கடைசியில் திட்டுவது அப்பாவைத்தான். வீட்டுப்பாடம் எங்கே, ஏன் மதிப்பெண் குறைந்தது என்று ஜோ மகனைப் போட்டு வறுத்தெடுக்கும் காட்சிகள் அத்தனை. பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. அதை மறைக்காமல் வைத்ததற்கு அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் அப்பா மேல் பழி விழுவதற்குப் படத்தின் அமைப்பே காரணம். வீட்டு மேசையில் கேமரா எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்குள் அது கொஞ்சம் கொஞ்சம்தான் எட்டிப் பார்க்கிறது: ஆசிரியர் சந்திப்பு, சில வகுப்புக் காட்சிகள், சில பேட்டிகள். என் தொழிலில் இது பழகின சிக்கல். இரண்டு மாட்யூல் சேர்ந்து வேலை செய்யும். ஒன்று எல்லாவற்றையும் லாகில் எழுதும், மற்றது ஒன்றுமே எழுதாது. ஏதாவது உடைந்தால் லாகில் தெரியும் மாட்யூல் மேல்தான் எல்லாரும் பாய்வார்கள். இந்தப் படத்தில் லாக் எழுதுவது குடும்பம், வாயைத் திறக்காதது பள்ளி.

அதனால் மிக முக்கியமான ஒரு விஷயம் நழுவிவிடுகிறது. ஷேயுன் போனான், சரி. அவன் போன மறுநாள் டால்டனில் என்ன பேசினார்கள்? யாராவது குறித்து வைத்தார்களா? அடுத்த வருடம் அதே மாதிரி ஒரு பையன் வந்தால் வேறு மாதிரி செய்ய ஏதாவது யோசித்தார்களா? 800 மணி நேரத்தில் எங்கேயாவது இருக்கலாம், படத்தில் இல்லை. 'ஹூப் டிரீம்ஸ்' குழுவோ ஆர்தர் வெளியேறியதும் பயிற்சியாளரையும் பள்ளித் தரப்பையும் கேமரா முன் உட்கார வைத்துக் காரணம் கேட்டது. பள்ளி என்ன செய்தது என்பதற்கு எனக்கு அதுதான் நல்ல சாட்சியமாகப் படுகிறது.

'அமெரிக்கன் பிராமிஸ்' வெல்லும் இடமும் ஒன்று உண்டு. அது தங்கியவனின் கதை. பள்ளியின் கணக்கில் இட்ரிஸ் ஒரு வெற்றி: 13 வருடம் இருந்தான், பட்டமளிப்பில் நின்றான், ஆக்சிடென்டல் கல்லூரிக்குப் போனான். தக்கவைத்தோர் பட்டியலில் ஒரு டிக். அந்த டிக்குக்குப் பின்னால் எவ்வளவு தனிமை, வீட்டில் எத்தனை சண்டை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தங்கினான் என்பதாலேயே பள்ளி துணைநின்றது என்று ஆகிவிடுமா? 2020 கோடையில் பல தனியார் பள்ளிகளின் கருப்பின மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் இன்ஸ்டாகிராமில் தனித்தனிக் கணக்குகள் தொடங்கி, பெயர் சொல்லாமல் அனுபவங்களைக் கொட்டினார்கள். அவர்களில் பாதியில் போனவர்கள் மட்டுமில்லை, படித்து முடித்தவர்களும் நிறையப் பேர்.

ஷேயுனின் பேனக்கர் வருடங்களைப் படம் அவசரமாகக் கடக்கிறது என்பது இன்னொரு வருத்தம். அந்த நாட்களில் அவன் குடும்பத்தில் பெரிய இழப்பு வருகிறது. அதையும் தாண்டி அவன் முகத்தில் ஒரு இறுக்கம் தளர்ந்தது மாதிரி எனக்குத் தோன்றியது. பள்ளிக்குப் பெயர் கொடுத்த பேனக்கர் 18ஆம் நூற்றாண்டில் தானாகவே வானியல் கற்றுப் பஞ்சாங்கம் போட்ட கருப்பினத்தவர். அந்தப் பள்ளியில் ஷேயுன் வித்தியாசமான பையன் இல்லை. அந்தச் சாதாரணத்தை இன்னும் இருபது நிமிடம் காட்டியிருந்தால் டால்டனில் அவனுக்கு என்ன குறைந்தது என்று ஒப்பிட்டாவது புரிந்திருக்கும். மார்ஷலுக்குப் போன ஆர்தருக்கு 'ஹூப் டிரீம்ஸ்' அந்த நேரத்தைக் கொடுக்கிறது. 1991ல் அவன் அணி மாநில அளவில் மூன்றாம் இடம் வரைக்கும் போவதைக் கூடவே போய்ப் பார்க்கிறோம்.

இரண்டும் சேர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். 'ஹூப் டிரீம்ஸ்' முதலில், ஒரு வாரம் கழித்து மற்றது. வரிசை மாறினால் டால்டனில் நடப்பதெல்லாம் வசதியான வீட்டுப் புலம்பலாகத் தெரிய வாய்ப்பிருக்கிறது, ஆர்தரைப் பார்த்துவிட்டு வந்தால் அப்படித் தெரியாது.