நெடுந்தீவுக்கு எட்டுமா லுற்றீசியம்?

புரொஸ்ரேற் புற்றுநோய்க் கலங்களின் மேற்பரப்பில் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் மிகுந்து காணப்படும். அதைத் தேடி ஒட்டிக்கொள்ளும் சிறு மூலக்கூறு ஒன்றில் லுற்றீசியம்-177 என்ற கதிரியக்கச் சமதானியைக் கோத்து நாளத்தில் ஏற்றுகிறார்கள். அதன் பீற்றாக் கதிர் ஓரிரு மில்லிமீற்றருக்கு மேல் பாயாது. எலும்பெங்கும் பரவிய நோயை உள்ளிருந்தே சுடும் இந்த முறைக்கு 2022 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

அனுமதிக்கு அடிப்படையான ‘விஷன்’ ஆய்வில் 831 பேர். ஹோர்மோன் மருந்தும் கீமோவும் கைகொடுக்காமல் போனவர்கள். வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோரின் இடைய ஆயுள் 11.3 மாதம், இதையும் சேர்த்துப் பெற்றோருக்கு 15.3. நாலு மாதத்தை அற்பமென்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அதே புரதம் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் உண்டு. அதனால் நூற்றுக்கு 39 பேருக்கு வாய் வறண்டது. எல்லாக் கட்டிகளிலும் இந்தப் புரதம் இராது. முதலில் பெற் ஸ்கான் எடுத்துப் பார்த்தே ஆளைத் தெரிவுசெய்ய வேண்டும்.

நெடுந்தீவு உள்ளிட்ட யாழ்ப்பாணத் தீவகத்துக்கு வந்தால் கணக்கு இன்னும் இறுகுகிறது. லுற்றீசியம் ஆக்க இலங்கையில் அணுவுலை இல்லை. வெளியிலிருந்து வரும் லுற்றீசியம் ஆறரை நாளில் பாதியாகத் தேய்ந்துவிடும். ஆறு கிழமைக்கு ஒருமுறை, ஆறு தடவை வரை ஊசி. நெடுந்தீவார் ஒவ்வொரு தடவையும் குறிகட்டுவான் துறைக்குக் கடல் கடக்க வேண்டும்; காற்றுக் கடுத்தால் படகில்லை. ஊசி போட்டபின் உடலிலும் சலத்திலும் கதிரியக்கம் எஞ்சுவதால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், மலசலகூடத்துக்கு நன்றாக நீர் ஊற்ற வேண்டும், சில நாள் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கக்கூடாது. படகிலோ முழங்கால் இடிக்க நெருங்கி இருந்துதான் பயணம். நல்ல தண்ணீருக்குச் சாராப்பிட்டிக் கிணறுகளை நம்பியிருந்த ஊர் நெடுந்தீவு. ஒரே மலசலகூடம் உள்ள வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருப்பவர் இந்தக் கட்டுப்பாடுகளை எப்படிக் காப்பார்? மருந்தை வகுத்தவர்கள் இந்த வீட்டை மனதில் வைத்து வகுக்கவில்லை.

இந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதல்ல என் வாதம். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. லுற்றீசியமும் ஒருநாள் வடக்குக்கு வரலாம், வரவும் வேண்டும். அதுவரை தீவகத்துக்கு முதலில் தேவை, புரொஸ்ரேற் சுரக்கும் புரதத்தை இரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. பரிசோதனையும் அதை வாசித்துச் சொல்ல ஒரு வைத்தியரும். இரத்த மாதிரியைப் படகில் அனுப்பலாம். புரொஸ்ரேற்றின் சாதாரண வீக்கத்திலும் பி.எஸ்.ஏ. ஏறும் என்பதால் எண்ணை மட்டும் பார்த்துப் பதறவும் கூடாது. நோய் பரவியிருந்தாலும் விதை அகற்றும் சத்திரசிகிச்சையோ ஹோர்மோன் ஊசியோ பலருக்கு ஆண்டுக்கணக்கில் அதை அடக்கிவைக்கும்.

தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறியே காட்டாத நோய் இது. ஐம்பது கடந்த ஐயாமாரே, இரவில் நாலு தரம் சலத்துக்கு எழும்பினாலோ, நாரி நோ விடாமல் நின்றாலோ, வயதுக்கோளாறென்று விடாமல் ஊர்காவற்றுறை வைத்தியசாலையில் காட்டுங்கள்.