பாலூட்டலும் பிறப்பு இடைவெளியும்: குங் ஆய்வுரை குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

பாலூட்டும் தாய்க்கு மறுகரு தங்கச் சில காலம் ஆகும் என்பது பல சமூகங்களும் அறிந்த செய்தி. அக்காலத்தின் நீளத்தை முடிவு செய்வது எது என்பதே ஆய்வாளரிடையே நிலவும் வினா. அதற்கு உடலியல் சான்றுடன் விடைகாண முயன்றது, மெல்வின் கோனர், கரோல் வொர்த்மன் ஆகியோர் 1980-ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வுரை. போட்சுவானா, நமீபியா நாடுகளில் வேட்டையாடியும் உணவு திரட்டியும் வாழ்ந்த குங் மக்களைப் பற்றியது அது. அவ்வுரையின் வலிமையும் அதன் முடிவைப் பொதுமைப்படுத்துவதில் உள்ள இடரும் இங்கு மதிப்பிடப்படுகின்றன.

ஆய்வுரையின் வாதம்

குங் பெண்களின் இரு பிறப்புகளுக்கு இடைப்பட்ட காலம் சராசரியாக 44 மாதங்கள். கருத்தடை முறைகள் வழங்காத நிலையில் இது மிக நீண்ட இடைவெளியாகும். அத்தாய்மார் ஒரு மணி நேரத்திற்குள் பலமுறை, ஒவ்வொரு முறையும் சிறிது நேரமே பாலூட்டினர். அவர்தம் குருதியில் ஈஸ்ட்ரடையால், புரோஜெஸ்டிரோன் ஆகிய இயக்குநீர்களின் அளவு குறைந்திருந்தது. குழந்தையின் வயதோடும் பாலூட்டல்களுக்கு இடைப்பட்ட நேரத்தோடும் அவ்வளவு தொடர்புற்றிருந்தது. எனவே, அடிக்கடி பாலூட்டும் முறையே நீண்ட பிறப்பு இடைவெளிக்குக் காரணமாகலாம் என அவ்வுரை கருதியது.

வலிமையும் வரம்பும்

தாயின் நினைவை மட்டும் சான்றாகக் கொள்ளாமல், நேரடி நோக்கலையும் இயக்குநீர் அளவீட்டையும் இணைத்தமை இவ்வுரையின் தனிச்சிறப்பு. எத்தனை மாதம் பாலூட்டப்பட்டது என்பதினும் எவ்வளவு இடைவெளியில் பாலூட்டப்பட்டது என்பது முதன்மையானது என்ற பார்வையை அது வலுப்படுத்தியது.

ஆயினும், அன்று ஆய்வுக்குட்பட்ட குங் பெண்கள் மெலிந்த உடலினராகவும் உணவு திரட்ட நெடுந்தொலைவு நடப்பவராகவும் இருந்தனர். அடிக்கடி பாலூட்டலும் உடலின் ஆற்றல் குறைவும் அவர்களிடம் ஒருங்கே அமைந்திருந்தன. இவ்விரண்டில் எது எவ்வளவு பங்காற்றியது என்பதை அச்சமூகத்தை மட்டும் கொண்டு பிரித்தறிதல் அரிது.

தோபா பெண்கள் தரும் சான்று

அர்ஜென்டினாவின் ஃபொர்மோசா மாநிலத்துத் தோபா பெண்களிடையே கிளாடியா வலேஜியா, பீட்டர் எலிசன் ஆகியோர் நிகழ்த்திய ஆய்வு இங்கு துணைசெய்கிறது. அப்பெண்கள் இரவும் பகலும் அடிக்கடி பாலூட்டுவோர். ஆனால் நல்ல ஊட்டம் பெற்றோர், ஓரிடத்தில் நிலைத்து வாழ்வோர். அவர்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 10 மாதங்களிலேயே மாதவிடாய் மீண்டது. அதற்கு முன்னர், இன்சுலின் சுரப்பைக் காட்டும் சி-பெப்டைடு அளவு சிறுநீரில் உயர்ந்தது. பால் சுரப்பதற்கான ஆற்றற் செலவைத் தாயின் உடல் எளிதில் தாங்கத் தொடங்கும்போது கருவளம் மீள்கிறது என்பது இதன் உட்பொருள்.

இச்சான்று குங் ஆய்வை மறுப்பதன்று. பாலூட்டாத தாய்க்குச் சில வாரங்களிலேயே கருமுட்டை வெளிப்படக்கூடும். அதனை நோக்க 10 மாதம் நெடியதே. ஆனால், ஒத்த பாலூட்டல் வழக்கம் வெவ்வேறு உடல்நிலையில் ஒத்த காலப் பாதுகாப்பைத் தராது என்பதை அது உணர்த்துகிறது.

கருத்தடைக்கு இதன் பொருள்

1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய அறிஞர்கள் மூன்று நிபந்தனைகளை வகுத்தனர்: மாதவிடாய் மீளாதிருத்தல், முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ பாலூட்டுதல், மகப்பேற்றுக்குப் பின் 6 மாதம் கடவாமை. இம்மூன்றும் ஒருங்கே அமைந்தால் 98 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாப்பு உண்டு என்பது அவர்தம் முடிபு. இவற்றுள் ஒன்று தவறினும் வேறு கருத்தடை முறை தேவை.

இவற்றுள் கால வரம்பே பெரிதும் மறக்கப்படுவது. 6 மாதத்திற்குப் பின் முதல் மாதவிடாய்க்கு முன்னரே கருமுட்டை வெளிப்படும் வாய்ப்பு மிகுகிறது. மாதவிடாயை முன்னறிவிப்பாக எண்ணிக் காத்திருப்பவர் அதனைக் காணாமலேயே கருவுறலாம். ஆணுறை, தாமிரக் கருப்பைச் சாதனம் ஆகியன பாற்சுரப்பைப் பாதிப்பதில்லை என்பதால் மாற்று வழியும் உண்டு.

முடிவுரை

44 மாதம் என்பது ஒரு மக்கள்குழுவின் உணவு, உழைப்பு, பாலூட்டல் ஆகியன இணைந்த வாழ்வின் விளைவு. எல்லாத் தாய்மார்க்கும் உரிய இயற்கை விதியன்று. பாலூட்டல் இயல்பாகவே கருத்தடையாகும் என்று அதனைக் கொண்டு கூறுவது, விரும்பாத கருவின் சுமையைத் தாய்மேல் ஏற்றும். அது பயனற்றது என்று ஒதுக்குவதும் பிழையே. முதல் 6 மாதத்தில் செலவின்றிக் கிடைக்கும் பாதுகாப்பை அது பறித்துவிடும். குங் ஆய்வைத் தோபா ஆய்வோடு சேர்த்துக் கற்பதே இவ்விரு பிழைகளையும் தவிர்க்கும் வழியாகும்.