பெட்டியின் அடித்தட்டு

நல்ல ஓட்டல் பர்ச்சேஸ்காரரைச் சென்னைக் கோயம்பேட்டுச் சந்தைக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடலாம். தக்காளிப் பெட்டியின் மேல்வரிசையை அவர் சட்டைசெய்வதே இல்லை. அது வாங்குகிறவர் கண்ணுக்காகக் கடைக்காரர் அடுக்கியது. மேலிருப்பதை ஒதுக்கி, அடியில் கைவிட்டு இரண்டு பழம் எடுப்பார். கட்டைவிரலால் ஒரு அழுத்து, காம்புக்குழியில் ஒரு முகர்வு, பிறகுதான் விலை கேட்பார். விடிவதற்கு முன், லாரிச் சத்தத்துக்கு நடுவே நடக்கும் அந்தச் சில நொடி வேலையை நல்ல தனியாவர்த்தனத்துக்குச் சமமாக ரசிப்பேன். மொத்தக் காய்கறி வியாபாரம் கொத்தவால் சாவடியை விட்டுக் கோயம்பேட்டுக்கு வந்தது 1996இல். சாவடியில் பழகிய கைகளும் அதோடு வந்தன.

அவர் ஒரே ரகத்தை மொத்தமாக அள்ளுவதில்லை. நாட்டுத் தக்காளிக்குத் தோல் மெல்லிசு, புளிப்பு தூக்கல். பெங்களூர்த் தக்காளிக்குச் சதை அதிகம், இரண்டு மூன்று நாள் தாங்கும். நன்றாகப் பழுத்துவிட்டதால் விலை இறங்கிய நாட்டுத் தக்காளியை அன்றைய ரசத்துக்கும் சட்னிக்கும் எடுப்பார். கெட்டியானதைக் குருமாவுக்கும் மறுநாளைக்கும் வைப்பார். செலவு குறைகிறது, ரசமும் தேறுகிறது. இப்படி இரண்டும் ஒரே முடிவில் கைகூடுகிற இடம்தான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்தது. பேரம் பேசிப் பத்து ரூபாய் குறைப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

விற்பனை நூறு ரூபாயென்றால் சரக்குக்கு 30 முதல் 35 ரூபாய் வரை போகலாம் என்பது ஓட்டல்களில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. வாடகை, சம்பளம், 19 கிலோ சிலிண்டர் எல்லாம் மிச்சத்திலிருந்து வரவேண்டும். ஆகவே மூட்டை விலையை மட்டும் பார்க்கிறவர் ஏமாறுவார். கிலோ 30 ரூபாய் என்று ஐம்பது கிலோ வெங்காயம் வாங்கி, அழுகலும் தோலுமாக எட்டு கிலோ போனால், கைக்கு வந்த வெங்காயம் கிலோ சுமார் 35 ரூபாய் 70 காசு. கிலோ 33 ரூபாய்க்கு வாங்கி இரண்டு கிலோ மட்டும் கழிந்தால் சுமார் 34 ரூபாய் 40 காசுதான். அழுகல் பொறுக்க ஆள் நிற்கும் நேரத்தை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

உளுந்திலும் இதே கதைதான். புது உளுந்து கிரைண்டரில் பொங்கிப் பொங்கி எழும். பழசானது எவ்வளவு ஆட்டினாலும் காணாது. அரிசிக்கு நேர்மாறு. பழைய அரிசிதான் தண்ணீர் குடித்து உதிரியாக, நிறையக் காணும். இதெல்லாம் தெரிந்த சரக்கு மாஸ்டர் மூட்டையைப் பிரித்து ஒரு பிடி வாயில் போட்டு மென்றுவிட்டுத்தான் இறக்கச் சொல்வார். அதற்குப் பிறகு ஸ்டோர்க்காரரின் தராசும் நோட்டும். பழைய சரக்கு முன்னால், புதுசு பின்னால் என்ற ஒழுங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை; செய்யாதவர் பூச்சி விழுந்த பருப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்.

நெருக்கடியில்தான் கலை தெரியும். 2019 டிசம்பரில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையில் தக்காளியும் தாண்டியது. மெனு பலகையில் விலையை வாராவாரம் மாற்ற முடியாது. நல்ல சமையலறை அப்போது பட்டியலைத் திருப்பிப்போடும்: தக்காளி ரசத்துக்குப் பதில் எலுமிச்சை ரசம், வெங்காயச் சட்னிக்குப் பதில் புதினாத் துவையல். காலிஃபிளவர் தண்டு குருமாவுக்குப் போகும், மிஞ்சிய இட்லி மாலையில் உப்புமாவாகும். தேங்காய் விலை ஏறினால் சட்னியில் ஒரு கை பொட்டுக்கடலை கூடுவதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேங்காய் மணமே இல்லாத வெள்ளைக் கூழைக் கிண்ணத்தில் ஊற்றினால் அது சிக்கனத்தில் சேராது. கஞ்சத்தனம் என்றுகூடச் சொல்லமாட்டேன், ஏமாற்று.

கணக்கு கடைசியில் வந்து முடிகிற இடம் எச்சில் இலை. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் சும்மா நிற்பதுபோல நிற்கும் முதலாளியைக் கவனித்திருக்கிறீர்களா? இலை எடுப்பவரின் வாளியில் எது திரும்பி வருகிறது என்று பார்க்கிறார். முட்டைக்கோஸ் பொரியல் இலைக்கு இலை அப்படியே வந்தால் மறுநாள் வைக்கும் கரண்டி சின்னதாகும், அல்லது அவரைக்காய் வரும். முழுச் சாப்பாடு போடும் இடத்தில் இந்த ஒரு பார்வைக்கு ஈடான கணினி நிரல் எதையும் நான் கண்டதில்லை.

மழைக்காலம் முற்றி முருங்கைக்காய் எட்டாத விலைக்குப் போகும் கார்த்திகையில் உங்கள் ஓட்டலில் முள்ளங்கி சாம்பார் வந்தால் சப்ளையரிடம் முகம் சுளிக்காதீர்கள். சாம்பார் நன்றாக இருந்தால், உள்ளே வேலை தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று தைரியமாக இன்னொரு கரண்டி கேளுங்கள்.