பாடல் தொகுப்பும் ஓர் அமானிதமே

சென்ற விடுமுறையில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு சித்தன்னவாசலுக்குச் சென்றிருந்தேன். புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வழி. நாங்கள் சென்ற வேனில் ‘அறுபதுகளின் வெற்றிப் பாடல்கள்’ என்று பெயரிட்ட தொகுப்பொன்று ஒலித்துக்கொண்டே வந்தது. பாடல் கேட்பது பற்றி ஆலிம்களிடையே உள்ள கருத்து வேற்றுமையை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. கேட்கப்படுகின்ற ஒன்று யாருடையது, எக்காலத்தது என்பது சரியாகச் சொல்லப்படுகிறதா என்பதே என் வினா.

தொகுப்பின் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். 1961இல் வெளிவந்த ‘பாவ மன்னிப்பு’ப் பாடல் இருந்தது, அது முறையே. ஆனால் ‘குலேபகாவலி’ப் பாடலும் அதனருகே இருந்தது. அப்படம் வந்தது 1955இல். நாகூர் இ. எம். ஹனீஃபா அவர்கள் ‘செம்பருத்தி’ படத்திற்குப் பாடியதும் அதே வரிசையில் இடம்பெற்றிருந்தது. அதுவோ 1992ஆம் ஆண்டுப் படம்! முப்பத்தேழு ஆண்டுகளை ஒரு பத்தாண்டுக்குள் அடக்கிவிட்டார் தொகுத்தவர். விசுவநாதன், ராமமூர்த்தி இருவரும் 1965 வரை இணைந்தே இசையமைத்தவர்கள். அந்தக் காலப் பாடல்கள் அனைத்தின் கீழும் விசுவநாதன் பெயர் மட்டுமே காணப்பட்டது. உடன் உழைத்தவரின் பெயர் ஒரு கோட்டில் அழிந்துபோயிற்று.

“பாட்டு இனிமையாக இருந்தால் போதாதா, ஹஜ்ரத்? ஆண்டு மாறினால் என்ன நட்டம்?” என்று மாணவர் ஒருவர் கேட்டார். நான் உடனே விடை கூறவில்லை. அதற்குள் அறிவர் கோயில் வந்துவிட்டது.

அக்குகையின் தாமரைத் தடாகத்தையும் ஆடல் மகளிரையும் அறியாதார் இலர். சமணர் குடைந்த இக்கோயிலும் அதன் ஓவியங்களும் ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தவை என்றே அறிஞர்கள் முதலில் எழுதினர். அமைப்பைப் பார்த்துக் காலத்தைக் கணித்தார்கள். ஆனால் அங்குள்ள பாறையிலே ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் இக்கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்ததை அது கூறுகிறது. ஆய்ந்து பார்த்தபோது பழைய வண்ணப்பூச்சின் மீது புதிய பூச்சு ஒன்று இருப்பதும் தெரியவந்தது. சான்றை ஊன்றிப் படித்தபின் பல்லவனுக்குப் போன புகழ் இளங்கௌதமனுக்கு மீண்டது.

“காலம் பிழைத்தால் உரிமையும் பிழைத்துப்போகிறது. இதுதான் நட்டம்” என்று அம்மாணவரிடம் சொன்னேன்.

பாடலிலும் இத்தகைய இரட்டைப் பூச்சு உண்டு. ‘மயக்கும் மாலை’ என்னும் பாடல் ‘குலேபகாவலி’யில் இடம்பெற்றது, படத்திற்கு இசை விசுவநாதன்–ராமமூர்த்தி. ஆனால் அம்மெட்டு 1954ஆம் ஆண்டின் ‘கூண்டுக்கிளி’க்காக கே. வி. மகாதேவன் அமைத்தது என்று திரையிசை வரலாறு கூறுகிறது. ஆகவே படத்தின் பெயரையும் ஆண்டையும் மட்டும் பார்த்து எழுதினாலும் பிழை நேரலாம். வெளிவந்த ஆண்டு வேறு, இசையமைத்த காலம் வேறு என்ற நுண்மை தொகுப்பாளருக்கு வேண்டும்.

சித்தன்னவாசலுக்கு அண்மையிலேயே குடுமியான்மலை இருக்கிறது. அங்கே பாறையில் ஏழு பகுதிகளாக இசைச் சுரங்களைக் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இசையைக் கல்லில் தொகுத்த அம்மன்னன் தன் பெயரைச் சொல்லவில்லை. தன் ஆசிரியர் உருத்திராசாரியர் பெயரைச் சொல்கிறான். மாணாக்கர் நலனுக்காகச் செய்தது என்றும் குறிக்கிறான். தொகுப்பவன் தன்னை மறைத்துக்கொண்டாலும் மூலத்தை மறைக்கலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

அரபு இலக்கியமும் இதையே கற்பிக்கிறது. கலீஃபா ஹாரூன் ரஷீத் தம் அவைப் பாடகர்களிடம் சிறந்த நூறு பாடல்களைத் தெரிந்தெடுக்கச் சொன்னார். அந்த நூறினைத் தொடக்கமாகக் கொண்டு பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் இஸ்ஃபஹானி ‘கிதாபுல் அகானி’ என்னும் பெருநூலை எழுதினார். பாடலின் சொற்கள் யாருடையவை, மெட்டு யாருடையது, எந்தப் பண்ணில் அமைந்தது, இச்செய்தி யார் வழியாக வந்தது என்று ஒவ்வொன்றையும் குறித்தார். செய்திகள் முரண்பட்ட இடங்களில் இரண்டையும் எழுதினார். கேளிக்கைக்குரிய பாடலுக்கே இத்தனை பேணுதல்! ஹதீஸ் கலையோடு இதனைத் தகுதியால் ஒப்பிடுதல் ஆகாது. எனினும் ராவிகளின் பிறப்பு இறப்பு ஆண்டுகளை வைத்தே அறிவிப்புகளைச் சோதித்த முஹத்திஸீன்களின் முறை, அச்சமுதாயத்தின் எழுத்து முழுவதிலும் படிந்திருந்தது என்பதை மறுத்தற்கில்லை.

நம் குடும்பங்களுக்கு இதில் தனிக் கவலை உண்டு. திரைப்பாடலுக்குப் படம் ஒரு சான்றாக நிற்கிறது. வெளியான நாளை யாரும் தேடிக்கொள்ளலாம். நம் இஸ்லாமியப் பாடல்களோ பெரும்பாலும் தனி இசைத்தட்டுகளாக வந்தவை. இசைத்தட்டில் இருந்த சிறு எழுத்து கேசட்டில் குறைந்தது. பென் டிரைவில் முற்றும் மறைந்தது. ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்னும் பாடலை அறியாத தமிழ் முஸ்லிம் வீடு இல்லை. பாடியவர் ஹனீஃபா என்று குழந்தையும் சொல்லும். இயற்றியவர் கிளியனூர் ஆர். அப்துல் சலாம் என்று எத்தனை பேர் சொல்வோம்? 2015இல் மறைந்த அப்பாடகருக்குக் கிடைத்த புகழ் தகுதியானதே. அதில் ஒரு பங்கு கவிஞருக்கு உரியது. அதை நாம் கொடுக்கவில்லை.

தொகுப்போரைப் பழிப்பது என் நோக்கமன்று. அவர்கள் முயற்சி இல்லையேல் பல குரல்கள் இன்று கேட்கவே மாட்டா. அவர்களிடம் நான் வேண்டுவன சில. கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் மூவர் பெயரையும் எழுதுங்கள். முதற்பதிவா, பின்னாளில் மீண்டும் பாடியதா என்று பிரித்துக் காட்டுங்கள். உறுதி இல்லாத ஆண்டினை உறுதிபோல் எழுதாதீர்கள். ‘ஐயத்திற்குரியது’ என்ற ஒரு சொல் நாணயத்தைக் காட்டுமேயன்றி அறியாமையைக் காட்டாது. வீட்டில் பழைய இசைத்தட்டு வைத்திருப்போர், அதைப் பழைய பொருள் வாங்குபவரிடம் போடுமுன் அதிலுள்ள பெயர்களைப் படியெடுத்து வையுங்கள்.

திரும்பும் வழியில் அம்மாணவர் தம் கைப்பேசியை எடுத்தார். தம்மிடமிருந்த அந்த இறைவேண்டல் பாடலின் கீழே கவிஞர் பெயரைத் தட்டெழுதிச் சேர்த்துவிட்டு, என்னிடம் காட்டினார். உரியவருக்கு உரியதைத் திருப்பிக் கொடுப்பதே அமானிதம். அன்று அவர் அதைச் செய்தார்.