ரைபிளில் பூட்டும் விளக்கு: இரவுப் பன்றி வேட்டைக்கு எது தேறும்?

டெக்சஸில் மக்காச்சோளம் விதைக்கும் மார்ச் மாதத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் வயலில் இறங்கினால், விதைத்த வரிசையைப் பிடித்துக்கொண்டே போகும். மண்ணுக்குள் கிடக்கும் விதையை மோப்பத்திலேயே கண்டுபிடித்துக் கிளறித் தின்னும். காலையில் டிராக்டரோடு வருகிறவருக்கு மிஞ்சுவது கோடு பிடித்தாற்போல நீளும் குழிகள்தான். அந்த மாநிலத்தில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் இப்படித் திரிகின்றன. ஸ்பானியர்கள் கொண்டுவந்து விட்ட வீட்டுப் பன்றிகளின் வம்சமும், வேட்டைக்கென்று பிற்பாடு இறக்குமதியான ஐரோப்பியக் காட்டுப்பன்றியும் கலந்த கூட்டம் அது. 2019 செப்டம்பர் முதல், நில உரிமையாளர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் வேட்டை லைசென்ஸ் இல்லாமலே அவற்றைச் சுடலாம். இரவிலும் சுடலாம், விளக்கு வைத்தும் சுடலாம். இந்தியாவில் கதை வேறு. அங்கே 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஊரில் பயிர் அழிகிறதே என்று யாரும் இதைப் படித்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்க முடியாது.

பிராசோஸ் ஆற்றங்கரையில் நண்பர் ஒருவரின் பண்ணையில் நான்கு ரைபிள் விளக்குகளை மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்தேன். ஸ்ட்ரீம்லைட் நிறுவனத்தின் புரோடாக் எச்எல்-எக்ஸ், மாட்லைட்டின் ஓகேடபிள்யூ, பச்சை, சிவப்பு எல்இடி பொருத்தி வேட்டைக்கென்றே செய்த ஒரு விளக்கு, ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த ஒன்று. கடைசியில் சொன்னதன் பெயர் வேண்டாம். அதன் அட்டையில் 5,000 லூமென் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒற்றை 18650 பேட்டரியும் விரல் நீள உடம்பும் கொண்ட விளக்கால் அவ்வளவு வெளிச்சத்தைத் தாக்குப்பிடித்துத் தர முடியாது.

லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த ஒளி. அது எங்கே போய் விழுகிறது என்று லூமென் சொல்லாது. ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் பாய்கிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. தோட்டத்துக் குழாயில் வரும் தண்ணீர் அதே அளவுதான். வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் கடைசிப் பாத்தி வரைக்கும் பாய்கிறது அல்லவா, அப்படி. எச்எல்-எக்ஸ் 1,000 லூமென், சுமார் 27,600 கேண்டெலா. ஓகேடபிள்யூ வெறும் 680 லூமென்தான், ஆனால் 69,000 கேண்டெலா. அட்டையை மட்டும் பார்க்கிறவர் முதலாவதை எடுப்பார். 150 மீட்டர் தள்ளி ஓடை ஓரத்தில் நிற்கும் கறுப்பு உருவத்தின் காதையும் மூக்கையும் எனக்குக் காட்டியது இரண்டாவது.

அட்டையில் போடும் தூரக் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். எஃப்எல்1 என்ற தர அளவுகோலின்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம்வரைக்கும் 'எட்டும்' என்று எழுதலாம். 0.25 லக்ஸ் என்றால் பௌர்ணமி நிலா வெளிச்சம். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் இந்தத் தூரம் மீட்டரில் வந்துவிடும்: எச்எல்-எக்ஸுக்கு 332, ஓகேடபிள்யூவுக்கு 525. நிலா வெளிச்சத்தில் ஏதோ நிற்கிறது என்று தெரியும், என்ன நிற்கிறது என்று தெரியாது. என் கணக்கில், சுடுவதற்குப் போதுமான அளவு அடையாளம் காண, அட்டைத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நம்பலாம். பனி இறங்கும் ஆற்றங்கரையில் அதுவும் கிடையாது. ஒளி நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும்.

அடையாளம் காண்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தப் பண்ணையில் மேய்வது கறுப்பு ஆங்கஸ் மாடுகள். புல்லில் படுத்திருக்கும் கறுப்புக் கன்றுக்கும் குனிந்து மேயும் பன்றிக்கும் மங்கலான வெளிச்சத்தில் உருவம் ஏறக்குறைய ஒன்றுதான். மாடு, மான், கயோட்டி ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. விளக்கு பட்டதும் கண் பளீரென்று மின்னும். பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. ஆகவே கண் மின்னினால் விரலை விசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். மின்னாவிட்டாலும் உடனே பன்றி என்று முடிவு கட்ட முடியாது, கன்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கலாம். முதுகுக் கோடு, நீண்ட மூக்கு, வால், நடை இவ்வளவும் தெரிய வேண்டும். பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

எந்த விளக்கை வாங்கினாலும் மாறாத விதி ஒன்று உண்டு. ரைபிளில் பூட்டிய விளக்கால் பன்றியைத் தேடக் கூடாது. அந்த விளக்கு எதைக் காட்டுகிறதோ, அதை நோக்கித்தான் குழலும் நிற்கிறது. வேலி, பக்கத்துப் பண்ணை வீடு, கூட வந்தவரின் முதுகு எல்லாவற்றின் மேலும் துப்பாக்கி போய்வரும். தேடுவதற்குத் தனியாக ஒரு கை டார்ச்சோ, உடல் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கருவியோ வேண்டும். அதில் பன்றி என்று தெரிந்த பிறகுதான் ரைபிளைத் தோளுக்கு ஏற்றி, அதன் விளக்கைப் போட வேண்டும். இதற்குச் சம்மதிக்காதவர் எந்த விளக்கையும் வாங்க வேண்டாம்.

நிறம்தான் வேட்டைக்காரர்கள் விடிய விடியச் சண்டை போடும் விஷயம். பன்றியின் கண்ணில் நிறம் உணரும் கூம்புகள் இரண்டே வகை. ஒன்று நீலப் பக்கம், 439 நானோமீட்டரை ஒட்டி. மற்றது பச்சை மஞ்சள் பக்கம், 556 நானோமீட்டரை ஒட்டி. 630 நானோமீட்டர் அளவில் வரும் சிவப்பு எல்இடி வெளிச்சம் அதற்கு மங்கலாகத்தான் தெரியும். 525 அளவில் வரும் பச்சையோ நன்றாகவே தெரியும். பச்சை வெளிச்சம் பன்றிக்குத் தெரியாது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஆனாலும் பச்சைக்கு ஆதரவாளர்கள் இருப்பதற்கு நியாயம் உண்டு. பச்சையில் நம் கண் கூர்மை. குறைந்த ஒளியிலும் நிறைய விவரம் பிடிக்கும்.

தரையில் என்ன முளைத்திருக்கிறது என்பதும் கணக்கில் வரும். இதை யாரும் அட்டையில் போடுவதில்லை. நண்பரின் நிலத்தில் ஒரு பக்கம் பசேலென்ற ஓட்ஸ், இன்னொரு பக்கம் அறுவடை முடிந்து காய்ந்த சோளத் தாள். ஓட்ஸ் வயலில் சிவப்பு விளக்கைப் போட்டால் வயலே கறுத்துப்போகும், ஏனென்றால் இலையின் பச்சையம் சிவப்பை விழுங்கிவிடுகிறது. கறுப்பு வயலில் கறுப்புப் பன்றியை எங்கே தேடுவது? அதே இடத்தில் பச்சையைப் போட்டேன். பயிர் முழுக்க ஒளிர, நடுவில் பன்றிகள் மை தொட்டு வைத்த புள்ளிகளாகத் தனித்துத் தெரிந்தன. சோளத் தாள் பக்கம் வந்ததும் ஆட்டம் மாறியது. காய்ந்த தாள் சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்புகிறது, பன்றியும் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டே இருந்தது. மேய்ச்சல் நிலமும் பசும்பயிரும் உள்ளவருக்குப் பச்சை, காய்ந்த தரைக்காரருக்குச் சிவப்பு என்பேன். வெள்ளை விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடி மூடி போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: வெள்ளை எல்இடியின் ஒளியில் சிவப்பின் பங்கே குறைவு. மூடி போட்டால் பெரும்பகுதி வெளிச்சம் மூடியிலேயே நின்றுவிடும்.

நிறத்தைவிடவும் எனக்கு முக்கியமாகப் பட்டது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. இருட்டில் திடீரென்று 69,000 கேண்டெலா முகத்தில் விழுந்தால் எந்த நிறமானாலும் கூட்டம் சிதறும். வேட்டை விளக்கில் இருந்த திருகை மிகக் குறைவில் வைத்து, ஒளிவட்டத்தின் ஓரம் மட்டும் பன்றிகளின் மேல் படும்படி அவற்றின் தலைக்கு மேலே பிடித்து, மெல்ல மெல்லக் கூட்டினேன். மேகத்திலிருந்து நிலா வெளியே வருகிற வேகம்தான் சரியான வேகம். அந்த வசதி மற்ற இரண்டு நல்ல விளக்குகளிலும் இல்லை. அவை காவல்துறை வேலையை மனதில் வைத்துச் செய்தவை, அழுத்தியதும் முழு வீச்சு. எச்எல்-எக்ஸில் விசையைப் பத்து முறை அழுத்தி அமைப்பை மாற்றி, வெட்டி வெட்டி மின்னும் ஸ்ட்ரோபை நீக்கிவிடலாம். வாங்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை அதுதான். மலிவு விளக்கிலோ வெளிச்சம், மங்கல், ஸ்ட்ரோப் மூன்றும் ஒரே விசையில் சுற்றி வந்தன. அந்த விசையின் 'டக்' சத்தம் வயலின் அந்தக் கோடிக்கே கேட்டது. முதல் குண்டின் உதைப்பில் பேட்டரி ஸ்பிரிங்கிலிருந்து விலகித் தொட்டதும், விளக்கு தானாக ஸ்ட்ரோபுக்குத் தாவியது. .308 ரைபிளில் பூட்ட அது லாயக்கில்லை.

பூட்டும் இடம். ஸ்கோப்பின் மேல் வளையம் போட்டுப் பூட்டுவது சுலபம், நடுக்கோட்டிலும் இருக்கும். ஆனால் ஒளியின் கீழ்ப்பகுதி குழலிலும் சத்தம் குறைக்கும் சப்ரஸரிலும் பட்டுத் தெறித்து ஸ்கோப்புக்குள்ளேயே வந்தது. முதல் சூட்டுக்குப் பிறகு எழுந்த புகையும் அந்த வெளிச்சத்தில் வெள்ளைத் திரையானது. முன்கைப்பிடியில், துணைக்கருவி பூட்டும் எம்-லாக் துளையிலோ பிகாட்டினி ரெயிலிலோ பக்கவாட்டில், எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிப் பூட்டியதும் இந்தத் தொல்லை பெருமளவு அடங்கியது. அழுத்து விசையின் ஒயரை நாடா போட்டுக் கட்டிவிடுங்கள், புதரில் மாட்டும்.

பேட்டரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சார்ஜ் ஏற்றும் 18650 போதும், உதிரியாக ஒன்று பையில். பல விளக்குகள் சூடு ஏறியதும் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், தொடர்ந்து எரிய விடுவதில் பலனில்லை.

தெர்மல் ஸ்கோப் விலை இறங்கிவரும் காலத்தில் விளக்கு எதற்கு என்று கேட்கலாம். தெர்மல் சூட்டை மட்டும் காட்டும். நடுவில் நிற்கும் கம்பி வேலியையும் நாயின் கழுத்துப் பட்டையையும் பல நேரம் காட்டாது. தேட தெர்மல், உறுதி செய்ய விளக்கு என்று இரண்டும் சேர்ந்தால் மிக நல்லது. ஒன்றுக்குத்தான் காசு என்றால், 100 மீட்டருக்குள் தீவனத் தொட்டிப் பக்கம் காத்திருப்பவருக்குத் திருகு உள்ள பச்சை வேட்டை விளக்கையே சொல்வேன். திறந்த வயலில் 150 மீட்டர் வரை பார்க்க வேண்டியவருக்கு ஓகேடபிள்யூ. ஏறக்குறைய பாதி விலைக்குள் ஒன்று வேண்டும், வீட்டுக் காவலுக்கும் ஆக வேண்டும் என்பவருக்கு எச்எல்-எக்ஸ். எதைப் பூட்டினாலும் முன்பக்கம் எடை கூடுகிறது, குண்டு விழும் இடம் சற்றே நகரலாம். வயலுக்குப் போகும் முன் பகலில் 100 மீட்டரில் காகிதத்தில் சுட்டு, ஸ்கோப்பைத் திரும்பச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.