அளவுகோலும் வீட்டுமொழியும்

பினே வகுத்த நுண்ணறிவுத் தேர்வைத் தார்வாரில் கன்னட, மராத்திச் சிறார்க்கேற்பத் தரப்படுத்திய காமத், தம் ஆய்வை 1940இல் நூலாக வெளியிட்டார். அத்தேர்வைத் தமிழிற் பெயர்த்தாலே ஒசூர்ச் சிறார்க்குப் போதும் என்னும் கருத்து நமக்கு உடன்பாடன்று. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வழங்கும் எல்லையூர் அது. ‘மனெ’ என்பது கன்னடக் குழந்தை வீட்டைக் குறிக்க நாளும் வழங்கும் சொல்; அதன் இணையாகிய ‘மனை’யோ தமிழ்க் குழந்தைக்கு ஏட்டுச்சொல். வேர் ஒன்றே, கடினம் வேறு. தெலுங்கு பேசும் வீட்டுச் சிறுவன் இத்தகைய வினாவில் தவறினால், நாம் அளந்தது அவன் அறிவையா, தமிழ்ப் பயிற்சியையா? மறுமுறை வைத்தாலும் அதே மதிப்பெண் வரலாம். அது நம்பகம் மட்டுமே, ஏற்புடைமையன்று. அவ்வூர்ச் சிறாரைக் கொண்டே வயதுக்குரிய தரநிலை காணுமளவும், எவரையும் மந்தர் எனப் பதிவேட்டில் எழுத நாம் இசையோம்.