ஏழாம் நாள் ஓய்வு எதற்கு?

உடற்பயிற்சி செய்வோரிடம் ஓய்வு நாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இரண்டு கட்சிகள் இருப்பது தெரியவரும். "ஒரு நாள் விட்டால் ஒரு வாரம் செய்தது வீண்" என்பது முதற் கட்சி. "வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் விடவேண்டும், தசை வளர்வதே ஓய்வில்தான்" என்பது இரண்டாம் கட்சி. தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் விடியற்காலையில் ஓடும் இளைஞர்களிடமும், நடக்கும் பெரியவர்களிடமும் இவ்விரு கருத்துகளையும் கேட்கலாம். இரு கட்சியினரும் தாங்கள் சொல்வதே அறிவியல் என்கிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்த்துவிடுவது நல்லது. ஏனெனில் காவலர் தேர்வுக்காகவும் படையில் சேரவும் ஓடிப் பழகும் மாணவர்களுக்கு இது வெறும் விவாதமன்று. வேலை கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் ஒரு காலெலும்பைப் பொறுத்ததாக ஆகிவிடுவதுண்டு.

முதற் கட்சியை எளிதில் முடித்துவிடலாம். பயிற்சியை நிறுத்தினால் உடல் என்னவாகிறது என்று அமெரிக்காவில் காயில் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 1984ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நன்கு பயின்ற விளையாட்டு வீரர்களைப் பயிற்சியை முற்றிலும் நிறுத்தச் சொல்லி, அவர்கள் உடல் உச்ச அளவில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளந்தார்கள். 21 நாட்களில் குறைந்தது 7 விழுக்காடு. 56 நாட்களில் 16 விழுக்காடு. மூன்று வாரம் முழுதும் சும்மா இருந்தவருக்கே இழப்பு இவ்வளவுதான் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை படுத்துக் கிடந்தவர் எதை இழந்துவிடப் போகிறார்? தசை வலிமையோ இதைவிடவும் மெதுவாகத்தான் குறைகிறது.

"அப்படியானால் ரான் ஹில் என்ன சொல்கிறார்?" என்று சிலர் கேட்பார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த இந்த மாரத்தான் வீரர் 1964 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை, 52 ஆண்டுகளுக்கும் மேலாக, ஒரு நாள்கூட விடாமல் ஓடியவர். வியக்கத்தக்க செய்திதான். ஆனால் கணக்கைக் கூர்ந்து பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு மைல் ஓடினாலே அந்த நாள் ஓடிய நாளாக எண்ணப்பட்டது. 1993இல் காலில் அறுவை செய்துகொண்ட பிறகு ஊன்றுகோல்களின் துணையோடு அந்த ஒரு மைலைக் கடந்தார். கடைசியில் ஓடும்போது நெஞ்சில் வலி கண்டதால்தான் நிறுத்தினார். மாரத்தான் வீரருக்கு ஒரு மைல் என்பது ஓய்வு நாளின் மறுபெயர். விடாமல் ஓடியது அவருடைய மன உறுதிக்குச் சான்று. ஓய்வு வேண்டாம் என்பதற்குச் சான்றாகாது.

இரண்டாம் கட்சிக்கு வருவோம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையைச் சுற்றி நிறையக் கலப்படமும் இருக்கிறது.

1966ஆம் ஆண்டில் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் தங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார்கள். உடற்பயிற்சிக்கான ஒரே மிதிவண்டியின் இருபுறமும் அமர்ந்து, ஒருவர் இடக்காலால் மட்டும், மற்றவர் வலக்காலால் மட்டும், களைத்து ஓயும்வரை மிதித்தார்கள். பின்னர் இரு தொடைகளிலிருந்தும் ஊசியால் சிறு தசைத் துணுக்குகளை எடுத்து அளந்தார்கள். மிதித்த காலில், தசையின் எரிபொருளாகிய கிளைகோஜன் ஏறத்தாழ வற்றிப்போயிருந்தது. சும்மா தொங்கிய காலில் குறையவில்லை. மாவுச்சத்து மிகுந்த உணவை மூன்று நாட்கள் உண்டதும், மிதித்த காலில் அது மற்றக் காலைப்போல் இரு மடங்காக ஏறியிருந்தது! வெறும் இரு கால்களையும் ஒரு மிதிவண்டியையும் கொண்டு இவ்வளவு தெளிவான விடை கண்ட சோதனைகள் குறைவு. 1971இல் காஸ்டில் என்பவர், நாள்தோறும் 16 கி.மீ. வீதம் மூன்று நாள் தொடர்ந்து ஓடியவர்களின் தசையில் கிளைகோஜன் இருப்பு நாளுக்கு நாள் இறங்கியதைக் காட்டினார். ஆக, எரிபொருள் நிரம்ப நேரம் வேண்டும்; சோறும் வேண்டும். காலையில் ஓடிவிட்டு வெறும் டீயுடன் கல்லூரிக்கு ஓடுகிறவருக்கு ஓய்வு நாள் மட்டும் என்ன செய்யும்?

தசையின் கணக்கு வேறு. கனடாவில் மெக்டூகல் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடுமையான எடைப் பயிற்சிக்குப் பின் தசையில் புரதம் கட்டப்படும் வேகம் 24 மணி நேரத்தில் இரு மடங்குக்குச் சற்று மேலாக உயர்கிறது; 36 மணி நேரத்தில் ஏறத்தாழப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. எனவே ஒரே தசைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கடும் வேலை கொடுப்பது பொருத்தமே. இங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள். ஓய்வு தானாகத் தசையை வளர்ப்பதில்லை. பயிற்சி தொடங்கிவைத்த வேலை ஓய்வு நேரத்திலும் தொடர்கிறது, அவ்வளவுதான். ஓய்விலேயே தசை வளர்வதானால் நம் ஊர்த் திண்ணைகளில் பயில்வான்கள் நிறைந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக எலும்பு. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். எலும்பு செத்த மரக்கட்டையன்று. பழுது பார்த்துக்கொண்டே இருக்கும் கட்டடம். திரும்பத் திரும்ப அதிர்ச்சி தாக்கும் இடத்தில் பழைய எலும்பை அரித்தெடுக்கும் உயிரணுக்கள் முதலில் வந்து வேலை செய்கின்றன. புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் அவற்றின் பின்னால் வருகின்றன. ஓரிடத்தில் இந்த இடிப்பும் கட்டலும் முடிய மூன்று, நான்கு மாதங்கள்வரை ஆகும். இடித்தாயிற்று, இன்னும் கட்டி முடியவில்லை என்ற இடைக்காலத்தில் அந்த இடம் முன்னிருந்ததைவிட வலுக் குறைந்திருக்கும்.

கிளைகோஜனுக்கு ஒன்றிரண்டு நாள், தசைக்கு ஒன்றரை நாள், எலும்புக்கு மாதங்கள். உடலுக்குள் ஒரே கடிகாரம் ஓடவில்லை. அப்படியிருக்கப் பயிற்சிக்கூடச் சுவர்களில் தொங்கும் அந்த வளைகோட்டுப் படத்தை நினைத்துப் பாருங்கள். பயிற்சியில் கோடு கீழே இறங்கி, ஓய்வில் மேலேறி, பழைய மட்டத்தையும் தாண்டிப் போகும். சோவியத் உயிர்வேதியியலார் யாகோவ்லெவ் போன்றோர் கிளைகோஜன் போன்ற பொருள்களை அளந்து கண்டதை, முழு உடலுக்கும் பொதுவான விதியாக்கியதே இப்படம். படம் அழகானது, எதனுடைய கோடு என்று அதில் எழுதியிருப்பதில்லை. ஏழு நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கும் அப்படித்தான். வாரம் என்பது மனிதன் வகுத்துக்கொண்டது. தசையோ எலும்போ கிழமை பார்ப்பதில்லை.

நம் வழக்கத்திலும் ஓய்வுக்குக் கிழமை உண்டு. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளியல். அன்று வெயிலில் அலையக்கூடாது, கடும் வேலை கூடாது என்பது வீட்டுப் பெரியவர்கள் வைத்த கட்டு. மைசூரில் பட்டாபி ஜோயிஸ் (1915–2009) பரப்பிய அஷ்டாங்க யோக முறையிலும் சனிக்கிழமை ஓய்வு. அமாவாசையும் பௌர்ணமியும் ஓய்வு. வாரம் ஆறு நாள் கடுமையாகப் பயிலும் முறைக்கு இவ்விடைவெளிகள் நன்மையே செய்திருக்கும். ஆனால் அதற்குச் சிலர் கூறும் காரணம் நிற்காது. கடலைப்போல் உடலிலும் நீர் இருப்பதால் நிலா அதை இழுக்கிறது என்கிறார்கள். கடலில் ஏற்றவற்றம் உண்டாவது, பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் இடையே நிலாவின் ஈர்ப்பில் உள்ள வேறுபாட்டால்; அந்தத் தொலைவு 12,700 கி.மீ.க்கு மேல். தலைக்கும் காலுக்கும் இடையே உள்ள ஒன்றரை, இரண்டு மீட்டரில் அந்த வேறுபாடு சொல்லத்தக்கதே அன்று. பழக்கம் சரியாக இருக்க, காரணம் தவறாக இருப்பதில் வியப்பில்லை.

குற்றாலத்துக்கு வருகிறவர்களிடம் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. அருவியில் அரை மணி நின்றால் களைப்புப் போய்விடும், ஓய்வு தேவையில்லை என்பது. எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடச் சொல்லி, பிறகு பேரருவியின் கீழ் நின்றவருக்கு இந்த எண்ணம் வருவது இயல்பே. உடல் இலேசாகிறது, நன்றாகத் தூக்கம் வருகிறது, பசிக்கிறது. இவையெல்லாம் உண்மை. ஆயினும் வலி குறைவது வேறு, பழுது சீராவது வேறு. எடைப் பயிற்சி முடிந்த ஒவ்வொரு முறையும் 10 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 10 நிமிடம் அமர்ந்தவர்களுக்கு, மூன்று மாத முடிவில் தசை வளர்ச்சி குறைவாகவே இருந்தது என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் அருவிநீர் அவ்வளவு குளிர்ந்ததன்று. ஆகவே அந்த முடிவை அப்படியே இங்கே ஒட்டவைக்கவும் முடியாது. அருவிக் குளியலைக் குளியலாகவே கொள்வோம்.

ஆனால் ஓய்வின் வேலையைப் புரிந்துகொள்ளப் பேரருவியே நல்ல பாடம். ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் அந்த நீர் நேராகத் தலையில் விழுந்தால் எவரும் நிற்க முடியாது. இடையில் பொங்குமாகடல் என்னும் ஆழ்ந்த பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்த பின்புதான் நம்மீது வழிகிறது. விழும் நீரின் அளவு குறையவில்லை. தாக்கும் விசை உடைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளம் மிகுந்துவிட்டால் அந்தப் பள்ளமும் போதாது. குளிக்கத் தடை விதிக்கிறார்கள். ஓய்வு நாளும் ஓரளவு சுமைக்குத்தான் ஈடுகொடுக்கும்.

இதை எண்ணிக்கொண்டு மாணவர்களின் ஓட்டத்துக்கு வருவோம். தமிழகக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். எழுத்துத் தேர்வு முடிவு வரும்வரை புத்தகத்தோடு இருந்துவிட்டு, வந்ததும் நாள் தவறாமல் காலையும் மாலையும் தார்ச்சாலையில் ஓடுவோர் பலர். சில வாரங்களில் முன்காலில் வலி. மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடியும் ஓட்டம். இந்த எலும்பு விரிசல் புதிய நோயன்று. 1855இலேயே பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹவுப்ட், நெடுநடை பயின்ற வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதிவைத்தார். இஸ்ரேல் படையில் 295 புதியவர்களைப் பின்தொடர்ந்து 1985இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 31 விழுக்காட்டினருக்கு எலும்பில் இத்தகைய விரிசல் கண்டது.

சரி, ஓய்வு கொடுத்தால் தீர்ந்ததா? இரண்டாம் கட்சியினர் இங்கேதான் நின்று கேட்க வேண்டும். அமெரிக்கப் படைப் பயிற்சியில் சில பிரிவினருக்கு இடையில் ஒரு வாரம் ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தார்கள். காயங்கள் குறையவில்லை என்று 2000இல் அறிவித்தார்கள். இஸ்ரேலிய ஆய்வாளர்களோ 25 ஆண்டு முயற்சிகளை 2008இல் திரும்பிப் பார்த்து, இரண்டு செயல்கள் பலன் தந்ததாகக் கூறினர்: இரவில் குறைந்தது 6 மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கியது, மொத்த நடைத் தொலைவைக் குறைத்தது. விரிசல்கள் 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. இடையே விட்ட ஒரு வாரத்தைவிட நாள்தோறும் கிடைத்த தூக்கமும், மெதுவாக ஏற்றிய சுமையும் பெரிதாக இருந்தன.

ஆகவே ஞாயிறு மட்டும் ஓய்வெடுத்துக்கொண்டு, திங்களிலிருந்து தொலைவை இரு மடங்காக்குவதில் பயனில்லை. தேர்வுக்கு மூன்று, நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். ஒரு நாள் வேக ஓட்டம் என்றால் மறுநாள் நடையோ மெல்லோட்டமோ போதும். முன்காலில் விரல் நுனி அளவான ஓரிடத்தில் வலித்து, ஓடும்போது மிகுந்து, படுத்த பின்னும் விடாமலிருந்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் இரண்டு, மூன்று வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாமலிருக்கலாம். படம் நன்றாயிருக்கிறது என்று மறுபடி ஓடத் தொடங்கிவிடாதீர்கள். பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். பயிற்சிக் காலத்தில் மாதவிலக்கு நின்றுபோனால், உணவு போதவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும். வெட்கப்பட்டு மறைக்கத்தக்க செய்தியன்று.

நாலு நாள் விட்டால் வேகம் போய்விடும் என்று அஞ்சுவோருக்கு ரோஜர் பானிஸ்டரைச் சொல்லலாம். ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் முதலில் ஓடியவர் அவர். 1954 ஏப்ரலில் 440 கஜத்தைப் பத்து முறை ஓடும் பயிற்சியில், ஒவ்வொன்றுக்கும் 61 விநாடி என்ற அளவிலேயே அவர் தேங்கி நின்றார். ஓட்டத்தை விட்டுவிட்டு நண்பருடன் ஸ்காட்லாந்தில் சில நாள் பாறை ஏறப் போனார். திரும்பி வந்ததும் 59 விநாடியில் ஓட முடிந்தது. மே 6ஆம் நாள் 3 நிமிடம் 59.4 விநாடியில் சாதனை. போட்டிக்கு முந்தைய நாட்களிலும் அவர் ஓடவில்லை. ஒருவருடைய அனுபவம் ஆய்வாகாது என்றாலும், ஓடாத நாட்கள் அவரைக் கெடுக்கவில்லை என்பது தெளிவு.

நடைப்பயிற்சி செய்யும் பெரியவர்களுக்கு இவ்வளவும் பொருந்தாது. நடை எலும்பையும் தசையையும் அந்த அளவுக்கு உலுக்குவதில்லை; நாள்தோறும் நடக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஓய்வு நாளே தலைகீழான கேள்வி. பயிற்சியால் உடல் இன்சுலினுக்கு நன்கு இணங்கும் நிலை ஒன்று முதல் மூன்று நாள் வரைதான் நீடிக்கிறது. அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடவேண்டாம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பரிந்துரைக்கிறது. சீசனுக்குக் குடும்பத்தோடு வந்து, காலையில் அருவி, இரவில் செங்கோட்டைப் பக்கம் பார்டர் கடைப் பரோட்டா என்று இரண்டு நாள் கழித்துவிட்டீர்களா? மூன்றாம் நாள் காலையில் ஆட்டோவைக் கூப்பிடாமல், பேரருவியிலிருந்து ஐந்தருவி வரை அந்த நாலைந்து கி.மீ. தொலைவைச் சாரலில் நடந்தே போய்விடுங்கள்.